குழிக்குப் பணம் உண்டு, பெட்டிக்கு இல்லை

3 மார்ச் 2025

கேள்வி இப்படி வந்திருக்கிறது: “லண்டனில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்துக்குக் கீழே ரோமானியர் கால மண்டபச் சுவர் கிடைத்ததாகப் போன மாதம் செய்தி பார்த்தேன். இதையெல்லாம் தோண்டும் செலவை யார் கொடுக்கிறார்கள்? அரசா? நம்மூரில் கடைக்கால் தோண்டும்போது பானை கிடைத்தால் ராத்திரியோடு ராத்திரியாக மூடிவிடுகிறார்களே.”

கட்டுபவர்தான் கொடுக்கிறார். இங்கிலாந்தில் 1990-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். நீங்கள் படித்த செய்தி கிரேஸ்சர்ச் தெரு 85-ஆம் எண் கட்டடம். அதை இடித்துவிட்டு உயரமான அலுவலகக் கோபுரம் எழுப்பப் போகிறார்கள். அதற்கு முன் அடித்தளத் தரையை உடைத்துச் சின்னச் சின்னச் சோதனைக் குழிகள் போட்டார்கள். கி.பி. 80-ஐ ஒட்டி எழுப்பிய பசிலிக்கா, அதாவது ஊர் நிர்வாகமும் வழக்கு விசாரணையும் நடந்த பெரிய மண்டபம், அதன் சுவர்கள் தெரிந்தன. மேலே ஆட்கள் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்த நாளெல்லாம் அது கீழே நின்றுகொண்டிருந்திருக்கிறது. சுவரை மக்கள் பார்க்கிற மாதிரி வைத்துக் கட்டுவதாக உரிமையாளர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

நான் பதினெட்டு வருடமாக லண்டனில் குவாண்டிட்டி சர்வேயர், அதாவது கட்டடச் செலவைக் கணக்கிடுபவர் வேலை பார்க்கிறேன். எந்தக் கட்டடத்துக்கும் செலவுக் கணக்கில் ‘தொல்லியல்’ என்று ஒரு வரி இருக்கும். அதை வெட்டப் பார்த்தவன் நான். அதனால் இதை ஒரு வரியில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

4 மார்ச் 2025

திருத்தம். ‘சட்டம்’ என்று நேற்று எழுதியது தவறு. 1990 நவம்பரில் வந்தது ‘பிபிஜி 16’ என்ற அரசு வழிகாட்டுதல், சில பக்கங்கள்தான். சட்டம் அதற்கு முன்னாலேயே 1979-ல் வந்திருந்தது. யார்க், செஸ்டர், கேன்டர்பரி, எக்செட்டர், ஹெரிஃபோர்டு என்று ஐந்து ஊர்களின் மையப் பகுதிகளில் மட்டும், கட்டடம் எழும்பும் முன் ஆய்வாளர்கள் உள்ளே போய்த் தோண்ட அவகாசம் கொடுத்தது அது. அவகாசம்தான் கொடுத்தது, காசு கொடுக்கவில்லை. லண்டன் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

வழிகாட்டுதல் சொன்னது சுருக்கமாக இவ்வளவுதான்: மண்ணுக்குள் இருப்பதை முடிந்தால் அப்படியே விட்டுவிடு, முடியாதென்றால் அழிப்பதற்கு முன் பதிவு செய், பதிவுக்கு ஆகும் செலவு அழிப்பவருடையது. ஆற்றைக் கெடுத்த ஆலைதான் ஆற்றைச் சுத்தம் செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்கிற அதே நியாயம். கட்டட அனுமதியில் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிடுவார்கள். நிபந்தனை முடியாமல் அஸ்திவாரம் போட முடியாது. வெறும் வழிகாட்டுதலுக்கு வலு வந்தது அங்கேதான். 2010-லும் 2012-லும் அதன் பெயரும் பக்கங்களும் மாறிவிட்டன, உள்ளடக்கம் பெரும்பாலும் அதுதான்.

ஏன் 1990 என்று கேட்டால், அதற்கு முந்தைய வருடம் நடந்த ரோஸ் நாடக அரங்கச் சண்டையைச் சொல்ல வேண்டும். 1587-ல் கட்டிய அரங்கம், ஷேக்ஸ்பியரின் தொடக்க நாடகங்கள் நடந்த இடம். 1989-ல் தேம்ஸின் தென்கரையில் புதுக் கட்டடத்துக்கு மண்ணெடுக்கும்போது அதன் அடிச்சுவர்கள் வெளிப்பட்டன. கட்டுபவர் கையில் அனுமதி இருந்தது. ஆய்வுக்குக் கொடுத்த கெடு முடிந்துவிட்டது. பெக்கி ஆஷ்கிராஃப்ட், இயன் மெக்கெல்லன் மாதிரி நடிகர்களே தெருவுக்கு வந்து மக்களோடு நின்றார்கள். கடைசியில் கட்டடத்தின் வரைபடத்தை மாற்றித் தூண்களைத் தள்ளி நட்டார்கள். அரங்கத்தின் எச்சம் மணலும் தண்ணீரும் மூடி இன்றும் அந்தக் கட்டடத்தின் கீழே பத்திரமாக இருக்கிறது. இப்படி ஒரு சண்டை இன்னொரு தடவை வரக்கூடாது என்பதில் கட்டுபவர்களுக்கும் அக்கறை இருந்தது. திடீரென்று வரும் தடையைவிட, முன்கூட்டியே தெரிந்த செலவு அவர்களுக்கு எவ்வளவோ மேல். வங்கிக்குக் கணக்குக் காட்ட முடியும்.

9 மார்ச் 2025

சரி, என் கதை.

சைட் எது என்று சொல்லப் போவதில்லை. தேம்ஸுக்குத் தென்கரை, 2008 வசந்த காலம். பழைய கிடங்கு ஒன்றை இடித்துத் தரைமட்டமாக்கி, மேலே வீடுகளும் கீழே கடைகளுமாக எட்டு மாடி எழுப்பும் திட்டம். பைலிங், அதாவது அஸ்திவாரத் தூண்களை மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் வேலை, தொடங்கும் முன் தொல்லியல் குழுவுக்கு ஆறு வாரம். என் அட்டவணையில் அந்த ஆறு வாரமும் சிவப்புக் கட்டம். பைலிங் இயந்திரம் வந்து வேலி ஓரம் நிற்கிறது, நாள் வாடகை ஓடுகிறது. நாலாவது வாரம் நானே குழிக்குள் இறங்கினேன், ஒரு வாரம் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பதற்காக.

தெருமட்டத்திலிருந்து நாலு மீட்டர் கீழே. கறுப்புக் களிமண். புதுச்சேரியில் மழை விட்டதும் உப்பனாறு வாய்க்கால் ஓரம் ஒரு நாற்றம் வருமே, அதே நாற்றம். பம்பு ஓயாமல் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. குழுத்தலைவி மண்டியிட்டு, கொத்துக்கரண்டியை விட்டுவிட்டு விரலாலேயே சேற்றை ஒதுக்கிக்கொண்டிருந்தார். நான் பேச வாயெடுக்கும் முன், “கையை நீட்டுங்கள்” என்றார். ஈரமான ஒரு பொருளை உள்ளங்கையில் வைத்தார்.

செருப்பின் அடித்தோல். என் உள்ளங்கை அளவுகூட இல்லை. நாலைந்து வயதுப் பிள்ளையுடையதாக இருக்கும். குதிகாலில் மிளகு அளவில் இரும்பாணித் தலைகள், ஓரத்தில் தைத்த துளைகள். பெருவிரல் பதிந்த இடம் லேசாகக் குழிந்திருந்தது. ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு முன் ஒரு குழந்தை நடந்து நடந்து தேய்த்த குழி. தண்ணீர் ஊறிய சேற்றில் காற்று போகாததால் தோல் மக்கவில்லை. “இனிமேல் இதைக் காயவிடக் கூடாது. காய்ந்தால் சுருங்கி நொறுங்கிவிடும். மருத்துவம் பார்க்கும்வரை தண்ணீரிலேயே இருக்க வேண்டும்” என்றார். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பென்சிலில் எண் எழுதிய சீட்டையும் கூடவே வைத்து மூடினார்.

அங்கே நின்று எனக்குக் கேட்க வாய் வரவில்லை. மறைக்காமல் சொல்கிறேன்: மறுநாள் காலையில் மின்னஞ்சலில் கேட்டேன். நாலு நாள் குறைத்துக்கொடுத்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. இந்தச் செலவு இரண்டு பாதி. முதல் பாதி தோண்ட. இரண்டாம் பாதி தோண்டிய பிறகு: ஓடுகளைக் கழுவி, எண் எழுதி, காலம் கணித்து, எலும்பையும் விதையையும் அதற்கான நிபுணர்களுக்கு அனுப்பி, தோலையும் மரத்தையும் பதப்படுத்தி, அறிக்கை எழுதி, பெட்டிகளைக் காப்பகத்தில் ஒப்படைப்பது வரை. பல சமயம் முதல் பாதிக்குச் சமமாகவே ஆகும், சமயத்தில் அதைத் தாண்டும். குழி தோண்டி முடிந்ததும் பைலிங்குக்கு வழி விட்டார்கள். 2008 இறுதியில் சந்தை விழுந்தது. 2009-ல் எங்களுக்கு வேலை கொடுத்த முதலீட்டு நிறுவனமே திவாலாகிவிட்டது. இரண்டாம் பாதிப் பணம் வரவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? நிபந்தனை எழுதிய காகிதம் இருந்தது, பணம் கொடுக்க வேண்டிய ஆள் இல்லை.

முப்பத்தேழு பெட்டிகள். ஈரமாகவே வைக்க வேண்டியவை தனியாக நாலு தொட்டிகள். எல்லாம் கிடங்குக்குப் போயின.

10 மார்ச் 2025

“அந்த நாலு நாளில் என்ன போயிற்று?” என்று கேட்டிருக்கிறீர்கள். வடகிழக்கு மூலை. கையால் தோண்ட வேண்டிய இடத்தை ஜேசிபி வைத்து எடுத்தார்கள், ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குழியின் பக்கச் சுவரைப் படம் வரைந்துகொண்டார்கள். அந்த மூலையின் வரைபடத்தில் கோடுகள் இருக்கின்றன, பொருள் எதுவும் இல்லை.

22 மார்ச் 2025

ஒருவர் எழுதியிருக்கிறார்: “பணக்காரக் கம்பெனிக்கு இதெல்லாம் விளம்பரச் செலவு, பெருமைக்காகச் செய்கிறார்கள்.” இருக்கட்டுமே. பெருமைக்காக ஒழுங்காகச் செய்தால் எனக்கு ஆட்சேபமில்லை. ஒரே இடத்தில் இரண்டு விதமாக நடந்ததைச் சொல்கிறேன்.

1954. குண்டுவீச்சில் தரைமட்டமான லண்டன் நகரின் மையம். வால்புரூக் என்ற பழைய ஓடை புதைந்து கிடக்கும் இடத்தில் அலுவலகக் கட்டடம் வரப்போகிறது. டபிள்யூ. எஃப். கிரைம்ஸ் என்ற தொல்லியலாளர் சொற்பப் பணத்தையும் கொஞ்சம் ஆட்களையும் வைத்துத் தோண்டிக்கொண்டிருந்தார். செப்டம்பர் 18, வேலை முடிய வேண்டிய கடைசி நாள். அன்றைக்குத்தான் அங்கே இருந்த ரோமானியர் காலக் கோயிலில், பளிங்கில் செய்த மித்ரா தேவனின் தலை கிடைத்தது. செய்தி பரவி, இரண்டு வாரத்தில் சுமார் 4 லட்சம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். சர்ச்சிலின் அமைச்சரவையே கூடிப் பேசியது. கடைசியில் கோயிலின் கற்களைப் பெயர்த்து வைத்திருந்து, 1962-ல் கொஞ்சம் தள்ளி ஒரு மேடைமேல் சிமென்ட் வைத்து அடுக்கினார்கள். கிரைம்ஸுக்கே அது பிடிக்கவில்லை. நான் லண்டனுக்கு வந்த புதிதில் அதைக் கவனிக்காமலே பல தடவை கடந்து போயிருக்கிறேன்; ஏதோ பூந்தொட்டி மேடை என்று நினைத்திருந்தேன்.

அதே இடத்தில் 2010-க்குப் பிறகு ப்ளூம்பெர்க் நிறுவனம் தன் ஐரோப்பியத் தலைமையகத்தைக் கட்டியது. 2014 வரை ஆய்வு நடந்தது. இந்தத் தடவை தோண்டவும் பணம், படிக்கவும் பணம், புத்தகமாகப் போடவும் பணம். கோயிலைக்கூடப் பழைய இடத்துக்குக் கிட்டத்தட்ட அருகிலேயே, பழைய ஆழத்துக்கே இறக்கி மறுபடி அமைத்து, 2017-லிருந்து கட்டணம் இல்லாமல் காட்டுகிறார்கள்.

அந்தச் சேற்றில் 405 எழுத்துப் பலகைகள் கிடைத்தன. மரப்பலகையில் மெழுகு பூசி, அதில் இரும்பு எழுத்தாணியால் எழுதியிருக்கிறார்கள். மெழுகு போய்விட்டது. ஆனால் அழுத்தி எழுதிய இடங்களில் ஆணி மரத்தைக் கீறியிருந்தது. அந்தக் கீறல்களை வைத்து ரோஜர் டாம்லின் என்ற அறிஞர் வருடக்கணக்கில் உட்கார்ந்து படித்தார். ஒரு பலகையில் தேதியே இருக்கிறது: கி.பி. 57 ஜனவரி 8. டிபுல்லஸ் என்பவர் கிராட்டஸ் என்பவருக்கு, வாங்கிய சரக்குக்காக 105 தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) தர வேண்டும் என்று எழுதிக்கொடுத்த கடன் சீட்டு. இரண்டு பேருமே அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்கள். என் மகளிடம் சொன்னேன். “அப்பா, அந்தக் கடன் அடைந்ததா?” என்று கேட்டுவிட்டு, இன்றுவரை வட்டி எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட உட்கார்ந்துவிட்டாள்.

இதைப் படிக்க ஆன காலத்தைப் பாருங்கள். தோண்டி எடுக்க ஒரு நிமிடம். ஒரு பலகையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பல கோணங்களில் படமெடுத்து எழுத்தெழுத்தாகப் பிரிக்க எத்தனையோ நாள். பணம் பாதியில் நின்றிருந்தால் அவை 405 ஈரக்கட்டைகள்.

6 ஏப்ரல் 2025

யோசித்துப் பார்த்ததில் என் முதல் பதிலை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘கட்டுபவர் கொடுக்கட்டும்’ என்பதை எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்ல முடியாது.

எனக்குத் தெரிந்த ஒருவர், சிறிய ஊரில் வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்டப் போனார். ஊர் பழைய ஊர். சோதனைக் குழி போடச் சொன்னார்கள். அந்த அறைக்கு அவர் சேர்த்துவைத்த பணத்தில் நல்ல பங்கு குழிக்கே போய்விட்டது. கிடைத்தது ஒரு பழைய சாக்கடை. கோபம் வரத்தானே செய்யும்? அடுத்த தடவை அவர் சொல்லாமல் தோண்டுவார். கேள்வி கேட்டவர் சொன்னாரே, ராத்திரியோடு ராத்திரியாக மூடுவது, அது இப்படித்தான் தொடங்குகிறது. பேராசை மட்டும் காரணமில்லை, பயமும் காரணம்.

பாரிஸ் பக்கத்தில் இருக்கிற என் சித்தப்பா மகனிடம் ஃபோனில் கேட்டேன். எங்கள் குடும்பத்தில் பாதிப்பேர் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொண்டு அங்கே போனவர்கள். அவனும் கட்டட வேலையில்தான் இருக்கிறான். “அண்ணா, இங்கே வேற மாதிரி” என்று ஆரம்பித்தான். பிரான்ஸில் 2001-ல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். மறு வருடம் ‘இன்ராப்’ என்ற தேசிய நிறுவனம் வந்தது. மண்ணைத் தோண்டும் பெரிய கட்டுமானங்களிடம் வரி வாங்குகிறார்கள். பொருள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வரி உண்டு. முதல் சோதனை அந்த வரிப்பணத்தில் நடக்கிறது. முழு அகழாய்வு தேவை என்று ஆனால் கட்டுபவர் கொடுக்க வேண்டும். ஆனால் வரியில் ஒரு பங்கு பொது நிதியாகச் சேர்கிறது. ஏழைகளுக்கான குடியிருப்பு, சொந்தக் குடித்தனத்துக்கு வீடு கட்டுபவர் மாதிரி ஆட்களுக்கு அதிலிருந்து உதவி கிடைக்கும். எவன் காலடியில் பழம்பொருள் இருக்கிறதோ அவன் தலையில் மட்டும் விழாமல், தோண்டுகிறவர் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் சுமக்கிறார்கள். காப்பீடு மாதிரி.

அங்கேயும் எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. வரி அதிகம் என்று மேயர்கள் குரல் எழுப்பி, 2002 கடைசியில் கால் பங்கு குறைத்தார்கள். 2003-ல் அகழாய்வுப் பணியை மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். “இன்னும் வாதம் முடியலை அண்ணா” என்றான். ஆனாலும் அந்தப் பொது நிதி விஷயத்தில் பிரெஞ்சு வழி மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

14 ஏப்ரல் 2025

இன்று சித்திரை ஒன்று. தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயதில் புதுச்சேரி பக்கம் அரியாங்குப்பத்தில் மாமா வீட்டுக்குப் போனால், பழைய துறைமுக ஊரான அரிக்கமேட்டுக்கு நடந்தே போய்விடுவோம். ஆற்றோரம் தோப்பு, இடிந்த பழைய செங்கல் சுவர், வேறொன்றும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மழை பெய்து விட்டால் மண் கரைந்து சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள் மின்னும். நீலம், பச்சை, செம்மண் நிறம். பொறுக்கி வந்து தீப்பெட்டியில் போட்டு வைப்போம். காக்காயந்தோப்புப் பிள்ளைகள் ஒரு கைப்பிடி மணிக்குக் கமர்கட்டு பேரம் பேசுவார்கள்.

1945-ல் அங்கே தோண்டியவர் மார்ட்டிமர் வீலர். இந்தியத் தொல்லியல் துறைக்கு இயக்குநராக வருவதற்கு முன் அவர் லண்டன் அருங்காட்சியகத்தை நடத்தியவர். அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவர்தான் நான் மேலே சொன்ன கிரைம்ஸ். லண்டனில் தோண்டி எடுத்த பொருள்கள் இன்று போய்ச் சேரும் ஹாக்னி காப்பகக் கட்டடத்துக்கு ‘மார்ட்டிமர் வீலர் இல்லம்’ என்றே பெயர். முதல் தடவை அந்தப் பலகையைப் பார்த்தபோது, எங்கள் தோப்பில் தோண்டியவர் பெயர் இங்கே எப்படி வந்தது என்று திகைத்து நின்றேன்.

வீலர் அரிக்கமேட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் தெரியுமா? சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் உடைந்த ரோமானிய மதுச்சாடித் துண்டைப் பார்த்தார். 1941-ல் ஏ. ஐயப்பன் அரிக்கமேட்டில் தோண்டி எடுத்து வைத்திருந்தது. பிறகு புதுச்சேரிக்கு வந்து, இத்தாலியில் செய்த சிவப்பு வழவழப்புப் பாண்டத்தின் ஓடுகளைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பாண்டத்தின் காலம் தெரிந்ததால், கூடக் கிடைத்த உள்ளூர்ப் பானைகளின் காலமும் தெரிய வந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கே அது ஒரு பிடிமானம். எல்லாம் யாரோ ஒருவர் ஓர் ஓட்டை எறியாமல், எங்கே கிடைத்தது என்று எழுதி அலமாரியில் வைத்ததால் வந்தது.

நான் பொறுக்கிய மணிகளுக்கு அந்த மதிப்பு இல்லை. தீப்பெட்டியில் எந்தச் சீட்டும் இல்லை.

2 மே 2025

“இந்தியாவில் ஏன் இந்த முறை இல்லை?” என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

அங்கே பாதுகாப்பு என்பது வேறு விதமாக அமைந்திருக்கிறது. 1958-ஆம் வருடச் சட்டத்துக்கு 2010-ல் திருத்தம் வந்தது. மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். அது பட்டியலில் ஏறிவிட்ட சின்னத்துக்கு வேலி. பட்டியலில் இல்லாத மண்ணுக்கு அதில் எதுவும் இல்லை. அரண்மனை எதிரே வீடு இருப்பவர் ஒரு மாடி ஏற்றக்கூட அலைகிறார். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பழைய குடியிருப்பு மேட்டில் பேஸ்மென்ட் தோண்டுகிறவரை யாரும் கேட்பதில்லை.

மீட்பு அகழாய்வு நமக்குப் புதிது என்று மட்டும் சொல்லாதீர்கள். நாகார்ஜுனசாகர் அணை வருகிறது என்றதும் 1954-லிருந்து 1960 வரை நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கையே தோண்டிப் பதிவு செய்தார்கள். முக்கியமான கட்டடங்களைப் பெயர்த்து, அணை நீர் சூழ்ந்த குன்றின் மேல் கொண்டுபோய் வைத்தார்கள். அரசே அணை கட்டியது, அரசே ஆய்வுக்கும் செலவழித்தது. அந்தக் கணக்கை நகரத்துத் தனியார் கட்டடத்துக்கு யாரும் நீட்டிப் பார்க்கவில்லை. பெரிய கட்டடத்துக்கு மண் பரிசோதனை செய்கிறோம், குழாய் இறக்கி மண்ணை எடுத்துப் பார்க்கிறோம். அந்த மண்ணில் ஓடு இருக்கிறதா என்று பார்க்கவும் ஓர் ஆள் பக்கத்தில் நிற்கலாம். நான் கேட்பது தொடக்கத்துக்கு அவ்வளவுதான்.

11 மே 2025

சம்பளம் பற்றி. இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது.

1990-க்குப் பிறகு இங்கே தொல்லியல் டெண்டர் வேலையாகிவிட்டது. கட்டுபவர் மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்கிறார். நான்தான் அந்த விலைகளை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுப்பவன். சிமென்ட் வாங்கும்போது விலை குறைவாகக் கேட்டவர் அதே சிமென்டைத்தான் தருவார், தரச் சான்று இருக்கிறது. இங்கே குறைந்த விலை என்றால் எங்கே குறைத்தார்கள்? ஆட்களின் எண்ணிக்கையில், கூலியில், பின்னால் வரும் படிப்பு வேலையில். கட்டுபவருக்கோ நல்ல ஆய்வு தேவையில்லை, நிபந்தனை முடிந்தது என்ற காகிதம் தேவை. தரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் உள்ளாட்சியின் தொல்லியல் ஆலோசகர். செலவுக் குறைப்பில் அந்த வேலைகள்தான் முதலில் போயின. 2006-க்குப் பிந்திய பத்து வருடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் குறைந்துவிட்டார்கள்.

குழியில் மண்டியிட்டு வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பட்டதாரிகள், பலர் முதுகலை படித்தவர்கள். வேலை மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஒப்பந்தம். என் சைட்டில் கம்பி கட்டுகிறவர் அவர்களைவிட அதிகம் சம்பாதித்தார். கம்பி கட்டுவது லேசான வேலை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஐரிஷ் ஃபோர்மேன் ஒரு நாள் மதிய இடைவேளையில் அவர்கள் கூலியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றிலிருந்து தினமும் அந்தக் குழுவுக்கு டீயும் சாண்ட்விச்சும் தன் செலவில் அனுப்பினார். சந்தை விழுந்தபோது முதலில் வேலை இழந்தவர்களும் அவர்கள்தான். கட்டடம் நின்றால் குழி நிற்கும், குழி நின்றால் கூலி நிற்கும்.

யார்க் நகரத்தில் வேறொரு வழி கண்டார்கள். கோப்பர்கேட் என்ற இடத்தில் 1976 முதல் 1981 வரை தோண்டி, வைக்கிங்குகளின் தெருவையே வெளியே கொண்டுவந்தார்கள். அதே இடத்தில் நிலத்தடியில் 1984-ல் யோர்விக் காட்சிக்கூடத்தைத் திறந்தார்கள். டிக்கெட் பணம் மறுபடியும் ஆய்வுக்குப் போகிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் எல்லாக் குழியிலும் வைக்கிங் தெரு கிடைக்காது. என் நண்பருக்குக் கிடைத்த சாக்கடைக்கு யார் டிக்கெட் வாங்குவார்?

என் கையில் இருப்பது ஒன்றுதான், அதைச் செய்கிறேன். போன வருட வேலையில், குழி தோண்டும் முன்பே இரண்டாம் பாதிப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுப் பூட்டச் சொன்னேன். நிறுவனம் மூழ்கினாலும் அந்தப் பணம் மூழ்காது. முதலாளி முகம் சுளித்தார். மொத்தக் கட்டுமானச் செலவில் அது எவ்வளவு சின்னத் துண்டு என்று காட்டினேன். லிஃப்டுக்கு உள்ளே ஒட்டும் பளிங்குக்கு அதைவிட அதிகம் ஒதுக்கியிருந்தார். கையெழுத்துப் போட்டார்.

22 ஜூன் 2025

இந்த வாரச் செய்தி பார்த்தீர்களா? லண்டன் பாலத்துக்குப் பக்கத்தில் ‘தி லிபர்ட்டி’ என்ற கட்டுமான இடம். 2022-ல் பெரிய மொசைக் தளம் கிடைத்ததே, அதே இடம். அங்கே ஒரு பள்ளத்தில் ஆயிரக்கணக்கான சுண்ணாம்புப் பூச்சுத் துண்டுகள் கொட்டிக் கிடந்தன. ரோமானியர் காலத்தில் யாரோ மாளிகையை இடித்துக் கொட்டிய கழிவு. ‘மோலா’ என்ற லண்டன் தொல்லியல் நிறுவனத்தில் ஒருவர் மாதக்கணக்கில் மேசைமேல் பரப்பி ஒட்டிப் பார்த்ததில், குறைந்தது இருபது சுவர்களின் ஓவியம் உருவாகியிருக்கிறது. மஞ்சள் பட்டைகள், பறவைகள், பழங்கள், யாழ்கள்.

அதில் ஒரு துண்டில் படச்சட்டம் மாதிரி ஒரு கட்டம், உள்ளே இலத்தீனில் ‘ஃபெகிட்’ என்று எழுத்து. ‘இன்னார் செய்தார்’ என்று பொருள். இன்னார் யார் என்பது இருக்க வேண்டிய இடத்தில் துண்டு உடைந்திருக்கிறது.

நான் அன்றைக்கெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பூச்சுத் துண்டு என்பது செலவு குறைப்பவர் கண்ணுக்கு முதலில் படுவது. “இது வெறும் காரைதானே, மாதிரிக்கு ஒரு பெட்டி போதும், மிச்சத்தைத் தள்ளிவிடலாம்” என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரியை எழுதுகிற மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான்.

5 ஜூலை 2025

செருப்பு என்ன ஆயிற்று என்று இத்தனை பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. எழுதாமல் விட்டதற்குக் காரணம், இந்த வாரம்வரை நானே முழுதாகப் பார்க்கவில்லை.

பக்கத்து மனையை வேறொருவர் வாங்கிக் கட்ட வந்ததில் எங்கள் பெட்டிகளுக்கு விடிவு வந்தது. அங்கேயும் அதே ரோமானியத் தெருவின் தொடர்ச்சி கிடைத்ததால், இரண்டு இடத்தையும் சேர்த்து ஒரே அறிக்கையாக எழுதப் புதியவர் பணம் கொடுத்தார். அறிக்கை வர 2019 ஆயிற்று. பதினோரு வருடம். இடையில் தொட்டிகளில் ஒன்று கசிந்து மரச் சாமான்கள் சில வீணாகிவிட்டன. செருப்பு தப்பியது. கிளிசராலில் ஊறவைத்து, உறையவைத்து, ஈரத்தை மெல்ல வெளியேற்றிக் காய வைத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை முன்பதிவு செய்து போய்ப் பார்த்தேன். அட்டைப்பெட்டி, உள்ளே வெள்ளை நுரைத்தாளில் வெட்டிய பள்ளம், அதில் பொருந்தி உட்கார்ந்திருந்தது. அன்று கையில் கனத்தது, இன்று கருவாட்டுத் துண்டு மாதிரி எடையே இல்லை. பெருவிரல் குழி அப்படியே இருக்கிறது.

பெட்டியோடு பழைய பிளாஸ்டிக் பையையும் மடித்து வைத்திருந்தார்கள். எண் எழுதிய சீட்டு அதே பென்சில் எழுத்தில். சீட்டின் பின்பக்கம் சிறிய எழுத்தில் தேதிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, இடம் போதாமல் ஓரத்திலும் ஏறியிருந்தன. தண்ணீர் மாற்றிய தேதிகள். 2009-ல் மூன்று, 2010-ல் நாலு, அப்படியே ஒரு வருடம்கூட விடாமல். அந்த வருடங்களில் அந்த வேலைக்கு ஒரு பைசா ஒதுக்கியிருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், கணக்கு என் கையில் இருந்தது. எல்லாத் தேதியும் ஒரே கையெழுத்து.